தோங்வாப் பக்கத்துப் பாலத்து மில்: புழுங்கல் நெல்லுக்கு இன்னும் இதுதான் இடம்

பத்துக் கூடை நெல்லைக் கொண்டுபோனால் அந்தப் பத்துக் கூடையின் அரிசியே வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். பர்மாவில், ரங்கூனுக்கு அடுத்த சிரியம் தாண்டித் தோங்வாப் பக்கம் இதை ஒழுங்காகச் செய்துதரும் மில் இப்போது அரிது. பெரிய மில்களில் பத்து இருபது கூடைக்கு மதிப்பில்லை. நெல்லை எடை போட்டு வாங்கிக்கொண்டு, யார் வயலில் விளைந்ததென்று தெரியாத அரிசியை மூட்டையாகக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். புழுங்கல் என்றால் அதுவும் கிடையாது. அதனால்தான் கால்வாய்ப் பாலத்தடியில் இருக்கும் இந்தச் சின்ன மில்லைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. சுற்று வட்டாரத்தில் தமிழர், பர்மாக்காரர், கரேன் இனத்தார் எல்லாருக்கும் இது பாலத்து மில்தான்.

உள்ளே இரண்டு எந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று பழைய ஹல்லர், மற்றொன்று ரப்பர் ரோல். எதில் போடுவது என்று நெல்லுக்குச் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த நேரத்தில் எது ஓடுகிறதோ அதில் கொட்டிவிடுவார்கள்.

ஹல்லர் என்பது 1885-ல் பிரேசிலில் எங்கல்பெர்க் கண்டுபிடித்த அமைப்பு. பல் வெட்டிய வார்ப்பிரும்பு உருளை சுழலும். அடியில் துளையிட்ட சல்லடைத் தகடு, பக்கத்தில் ஒரு கத்தி. நெல்லோடு நெல் உரசித்தான் உமி கழல்கிறது, தவிடும் அந்த உரசலிலேயே போகிறது. ஆகவே உமி, தவிடு, குருணையின் தூள் எல்லாம் ஒன்றாகச் சல்லடை வழியே கீழே கொட்டும். பிரித்தெடுக்க வழியில்லை. பச்சை நெல்லுக்கு இது கொடுமைக்காரன். ரப்பர் ரோலில் இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றி உமியை மட்டும் உரித்துவிடும், ஊதி உமியைத் தள்ளும். பிறகு பாலிஷ் போடும் இடத்தில் தவிடு தனியாக விழும்.

கணக்கைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். ஒரு கூடை நெல் 46 ராத்தல் (பவுண்டு), ஒரு கூடை அரிசி 75 ராத்தல், பியி என்ற பர்மாப் படியில் 16 ஒரு கூடை, ஒரு பியிக்கு 8 பால் டப்பா. பத்துக் கூடை நெல் 460 ராத்தல். நன்றாகக் காய்ந்த பச்சை நெல்லை ஹல்லரில் போட்டால் 57, 58 பியி அரிசி வரும், அதிலும் நொய் மிகுதி. ரப்பர் ரோலில் 62 முதல் 64 பியி வரும். புழுங்கலாக்கி ரப்பர் ரோலில் போட்டால் 64, 65 வரை எதிர்பார்க்கலாம், உடைசலும் மிகக் குறைவு. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தவிடு. ஆகவே நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அரிசி தருகிறேன் என்று எந்த மில் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இந்த மில்லில் ரப்பர் உருளையை மாற்றத் தாமதம் செய்கிறார்கள். வேகமாகச் சுற்றும் உருளை முதலில் தேயும். அதைக் கழற்றி மெதுவாகச் சுற்றும் பக்கத்துக்கு மாற்றிப் போட்டால் இரண்டும் ஒன்றுபோல் தேய்ந்து நெடுநாள் உழைக்கும். மாற்றாமல் இடைவெளியை மட்டும் நெருக்கி நெருக்கி ஓட்டினால் அரிசி உடையும், கரு ரப்பர்த் தூள் ஒட்டி அரிசி பழுப்பாக வரும். உங்கள் முறை வருமுன் முன்னால் ஓடுகிற அரிசியை ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். பத்து நெல்மணியில் நாலைந்து உரியாமல் கிடந்தால் இடைவெளி அதிகம். உரியாதது ஒன்றுமே இல்லாமல் பாதி அரிசி உடைந்து கிடந்தால் இடைவெளி குறைவு. சொன்னால் திருகைத் திருகிச் சரிசெய்துதருகிறார்கள், முகம் சுளிப்பதில்லை.

இனி புழுங்கல். இந்த மில்லுக்குப் போவதற்கே முதல் காரணம் இதுதான்.

மில்லுக்குப் பின்புறம் அவியல் கொட்டகை இருக்கிறது. இரண்டு செங்கல் தொட்டிகள், நாலு பீப்பாய்கள், உமி அடுப்பு, சிமெண்டுக் களம். உமி இலவசம். களத்துக்கும் அடுப்புக்கும் தனியாக ஒரு சின்ன வாடகை. வேலைக்கு ஆட்களை நாமே கூட்டிப்போக வேண்டும். மில்காரர் அவித்துத் தருவதில்லை, இடம் மட்டும் தருகிறார். இதுவே நல்லது. நெல்லைக் கண்ணில் வைத்து அவிக்கிற கைக்கும், கூலிக்கு அவிக்கிற கைக்கும் வித்தியாசம் சோற்றில் தெரியும்.

எந்த நெல்லை அவிக்கலாம் என்பதில் பலருக்கும் குழப்பம். பௌஸான் ரகங்களை அவிக்காதீர்கள். அதன் மதிப்பே வாசனையிலும், வெந்தபின் நீள்கிற தன்மையிலும்தான். அவித்தால் வாசனை போய்விடும், விலையும் குறையும். மனோதுக்கா நெல் நமக்கு ஏற்றது. அது மஸூரியின் வழி வந்த ரகம், தமிழ்நாட்டில் பொன்னி என்று சொல்வதும் அதே மஸூரியின் வழி. இட்லிக்கு ஊறப்போட்டால் மாவு பொங்குவதும், பழைய சோறு மறுநாளும் குழையாமல் நிற்பதும் அதனால்தான். மூன்று மாதத்தில் வரும் கோடை நெல் ரகங்களையும் அவிக்கலாம், ஆனால் ஒரே பீப்பாயில் இரண்டு ரகம் கலக்கக் கூடாது. ஒன்று வெந்து வாய் பிளக்கும்போது மற்றது நடுவில் வெள்ளையாகவே நிற்கும்.

ஊறவைக்க மூன்று கூடைக்கு ஒரு 200 லிட்டர்ப் பீப்பாய் சரி. மூன்று கூடை என்பது 63 கிலோ, அதற்கு 80 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் வேண்டும். நெல் ஊறினால் உப்பும், ஆகையால் விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். கொட்டியதும் நன்றாகக் கிளறிவிட்டு மேலே மிதக்கும் பதரை அள்ளிப்போடுங்கள். பதர் தங்கினால் அரிசியில் கறுப்பு மணியாகக் கிடக்கும்.

பச்சைத் தண்ணீரில் ஊற வைப்பதானால் ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் வரை ஆகும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் விட்டால் புளித்த நாற்றம் நெல்லுக்குள் இறங்கிவிடும், எத்தனை வெயிலில் காயவைத்தாலும் போகாது. பங்குனி சித்திரை வெக்கையில் இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. வெந்நீரில் ஊற வைப்பதே மேல். தண்ணீரை நன்றாகச் சூடாக்கி, கொதி வருமுன் நெல்லைக் கொட்டினால் கலந்தபின் சூடு 65 அல்லது 70 பாகைக்கு வந்து நிற்கும். கை வைத்தால் ஒரு கணமும் தாங்காத சூடு. சாக்குப் போட்டு மூடிவிட்டால் ஐந்தாறு மணி நேரத்தில் ஊறிவிடும். ராத்திரி கொட்டினால் விடியற்காலையில் வடிக்கலாம். கொதிக்கிற தண்ணீரிலேயே கொட்டிவிட்டால் மேல்மணி அங்கேயே வெடித்துக் கஞ்சி விடும்.

ஊறியதா என்று பார்க்க ஒரு மணியை நகத்தால் உரித்துக் குறுக்கே நசுக்குங்கள். நடுவில் சுண்ணாம்புப் பொட்டு போல வெள்ளை இருந்தால் இன்னும் நேரம் வேண்டும். இந்த நிலையிலேயே அவித்தால் அரிசி வயிறு வெளுத்து வந்து, மில்லில் அந்த இடத்தில்தான் உடையும்.

வடித்தபின் அவியல். பீப்பாயின் அடியில் நாலு விரற்கடைத் தண்ணீர், அதற்கு மேலே மூங்கில் தட்டி. நெல் தண்ணீரைத் தொடக் கூடாது. மேல்மட்டத்தில் ஆவி சீராக வரத் தொடங்கியபின் இருபது நிமிடத்திலிருந்து அரைமணி நேரம். உமியின் நுனி பிளந்தால் போதும், மேலே இருக்கும் நெல்லில் பெரும்பாலானது லேசாக வாய் திறந்ததும் இறக்கிவிட வேண்டும். அரிசி வெளியே பிதுங்கினால் அது அதிகம். அப்படிப் பிதுங்கியது காய்ந்தபின் மில்லில் மாவாகிப் போகும். கொட்டகையில் இருக்கும் நாலு பீப்பாயில் இடது ஓரத்துப் பீப்பாய்க்கு அடுப்பு வாய் சரியில்லை, ஒரு பக்கம் வேகும், மறுபக்கம் வேகாது. அதை விட்டுவிடுங்கள்.

காயவைப்பதில்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள். ஒரே வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உள்ளே ஈரமும் வெளியே வறட்சியுமாக இருக்கும்போது அரிசி கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விடும். மில்லில் போட்டதும் பாதி நொய்யாகக் கொட்டும், பழி மில்லுக்குப் போகும். விரற்கடை கனத்துக்குப் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை காலால் உழுதுவிட வேண்டும். கையில் அள்ளினால் ஒட்டாமல், ஆனால் கடித்தால் இன்னும் மெத்தென்று இருக்கும் பதத்தில் குவித்து நிழலில் மூன்று நாலு மணி நேரம் விட வேண்டும். உள் ஈரம் வெளியே வரும். பிறகு மறுபடி பரப்பிக் காயவைக்க வேண்டும். கடித்தால் டக்கென்று இரண்டாக உடையும் பதம் வந்தால் ஈரம் நூற்றுக்குப் பதினாலுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். அள்ளி, ஒன்றிரண்டு நாள் வைத்து, பிறகுதான் அரைக்க வேண்டும்.

கார்த்திகை மார்கழியில் மழை இல்லை என்று ராத்திரி களத்தில் விட்டுவிடாதீர்கள். இந்தப் பக்கத்துப் பனி நெல்லை நனைத்துவிடும். மாலை நாலரைக்குள் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். சாலையில் காயவைப்பவர்களும் உண்டு. கல்லும் தார்த்துணுக்கும் சேரும், இந்த மில்லில் கல் பிரிக்கும் எந்திரம் இல்லை. கொட்டுவாயில் ஒரு காந்தம் மட்டும் வைத்திருக்கிறார்கள், அது ஆணியைப் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது.

தனிவீடாக வந்து இதைச் செய்ய முடியாது. மூன்று கூடைக்கு இரண்டு பேர், பத்துக் கூடைக்கு நாலைந்து பேர் வேண்டும். இரண்டு வீட்டார் சேர்ந்து ஒரே ரகத்தை ஒரே நாளில் ஊறவைத்து, ஒரு வீட்டார் அடுப்பையும் மற்ற வீட்டார் களத்தையும் பார்த்துக்கொள்வதுதான் இங்கே வழக்கம். தார்ப்பாய் பெரும்பாலும் கரேன் வீடுகளிலிருந்து இரவலாக வரும். அவர்கள் பன்றி வளர்க்கிறார்கள், ஆகையால் பதிலுக்குத் தவிடு போகும். பர்மாக்காரப் பெண்கள் நொய்யைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள், பலகாரத்துக்கு மாவரைக்க. யாருக்கு எது மிச்சமோ அது அடுத்த வீட்டில் தேவையாக இருக்கிறது. மௌன் என்ற கால் உலக்கை பர்மாக்காரர் வீடுகளிலும், உரலும் உலக்கையும் நம் வீடுகளிலும் இருந்த காலத்துக் கொடுக்கல் வாங்கல் இது. உலக்கை போனபின் இந்தக் கொட்டகையில் மிஞ்சியிருக்கிறது. சிறுபிள்ளைகளைக் கோழி விரட்ட உட்காரவைக்கலாம், ஆனால் களத்தோடு சரி. மில்லுக்குள் விடாதீர்கள்.

அதற்குக் காரணம் பெல்ட். எஞ்சினிலிருந்து மேல் ஷாஃப்டுக்குப் போகும் நீளப் பெல்ட்டுக்குத் தடுப்பு இல்லை. ஆள் நடக்கும் வழியிலேயே அது ஓடுகிறது. தாவணி, துப்பட்டா, தளர்ந்த லுங்கி, விரித்த கூந்தல் எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. நாலு மரச்சட்டமும் கொஞ்சம் கம்பிவலையும் அடித்தால் தீர்கிற குறை. இத்தனை காலம் அடிக்காமல் இருப்பது பொறுத்துக்கொள்ளத் தக்கதல்ல.

எஞ்சின் உமி வாயுவில் ஓடுகிறது, டீசல் துணைக்கு மட்டும். உமியை உயரமான உலையில் போட்டு, போதாத காற்றில் எரித்தால் எரிகிற வாயு வரும். அதைத் தண்ணீரில் கழுவி, உமிக்கரி வடிகட்டி வழியே இழுத்து எஞ்சினுக்குக் கொடுக்கிறார்கள். டீசல் கிடைக்காத நாட்களிலும், கரண்ட் இல்லாத நாட்களிலும் மில் நிற்காததற்கு இதுவே காரணம். இந்த விஷயத்தில் மில்காரரின் உழைப்பைப் பாராட்ட வேண்டும். வடிகட்டியை அடிக்கடி மாற்றாவிட்டால் தார் போய் வால்வில் ஒட்டி எஞ்சின் இடையிலேயே செத்துவிடும். இங்கே அப்படி அடிக்கடி நிற்பதில்லை. ஆனால் கழுவிய கறுப்புத் தண்ணீரைக் கால்வாயில் விடுகிறார்கள். வாத்து மேயும், பெண்கள் துவைக்கும் கால்வாய் அது. மணலும் கரியும் போட்ட ஒரு குழியில் தேக்கி வடிய விட வேண்டும், செலவு பெரிதில்லை. உலைக்குப் பக்கத்தில் மூடின அறையில் யாரும் படுத்துறங்கவும் கூடாது. அந்த வாயு ஆளைக் கொல்லும், நிறமும் கிடையாது.

அளவை விஷயத்தில் இந்த மில்லைக் குறை சொல்ல முடியாது, ஆனால் நாமும் விழிப்பாக இருக்க வேண்டும். 2003 வரை அரசுக்குக் கட்டாயக் கோட்டா நெல் அளந்த தலைமுறை இன்னும் கூடை அளவையே நம்புகிறது. கூடையில் தலைகட்டி அளப்பதற்கும் வழித்து அளப்பதற்கும் வித்தியாசம் உண்டு, அவித்த நெல் வாய் திறந்திருப்பதால் அதே கூடைக்குள் எடை குறைவாக நிற்கும். தராசு இருக்கிறது, கேட்டால் போடுகிறார்கள். நெல்லை நிறுத்துக் கொடுங்கள், அரிசியையும் நொய்யையும் தவிட்டையும் நிறுத்து வாங்குங்கள். மூன்றையும் கூட்டி, ஐந்தில் ஒரு பங்கு உமிக்குச் சேர்த்தால் கொண்டுபோன எடைக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். இரண்டு மூன்று ராத்தல் தூசியாகப் போகும். பத்துக்கு மேல் குறைந்தால் எந்திரத்தின் வயிற்றில் தங்கியிருக்கிறது என்று பொருள், அடிக்கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.

கூலி இரண்டு விதம். ரொக்கம் கொடுத்தால் தவிடு நமக்கு. தவிட்டை விட்டுவிட்டால் கூலியில் பெரும்பகுதி கழிந்துவிடும். மாடோ கோழியோ இருக்கிற வீட்டுக்குத் தவிட்டை எடுத்து வருவதே லாபம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பச்சைத் தவிடு சில நாளிலேயே காறிவிடும், மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்கும். புழுங்கல் தவிட்டில் எண்ணெய் அதிகம் இருந்தாலும் அவித்த சூட்டில் அதைக் காறவைக்கும் பொருள் செத்துவிடுவதால் நெடுநாள் தாங்கும். ஹல்லரில் விழுவது உமி கலந்த தவிடு, அதில் மாட்டுக்குச் சத்துக் குறைவு.

அந்த எண்ணெய்தான் எந்திரத்துக்குத் தொல்லை. புழுங்கல் ஓடும்போது தவிடு சல்லடைத் தகட்டில் அப்பிக்கொள்ளும். துளை அடைத்தால் அரிசி சூடேறி உடையும். ஐந்தாறு கூடைக்கு ஒருமுறை நிறுத்திக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் திங்களும் வியாழனும் தகடு மாற்றிப் போட்டுப் புழுங்கல் நாள் என்று வைத்திருக்கிறார்கள். மற்ற நாளில் கொண்டுபோனால் வாங்குவார்கள், ஆனால் தகடு மாற்ற மாட்டார்கள். பச்சை அரைக்கிறவர்களும் புழுங்கல் நாளுக்கு மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போக வேண்டாம். முதல் அரைக்கூடை அரிசியில் புழுங்கல் வாசனை நிற்கும்.

பாலிஷ் எத்தனை ஓட்டம் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இங்கே கேட்காமல் விட்டால் இரண்டு ஓட்டம் போட்டு வெள்ளை வெளேரென்று தருவார்கள். பர்மாக்காரருக்கு அதுதான் பிடிக்கும். புழுங்கலுக்கு ஒரு ஓட்டம் போதும். “அண்ணே, பௌங்ஸன் (பர்மிய மொழியில் புழுங்கல் அரிசி), ஒரு ஓட்டம்தான்” என்று கொட்டும் பையனிடமே சொல்வது நல்லது, கல்லாவில் சொன்னது எந்திரத்தடிக்குப் போய்ச் சேர்வதில்லை.

மிளகாய், மாவு அரைக்கும் சின்ன எந்திரமும் ஒன்று உண்டு. அரிசிமாவுக்குப் பரவாயில்லை, மிளகாய் ஓடினபின் போனால் கதை கெட்டுவிடும். உளுந்து உடைக்க இங்கே போக வேண்டாம். மாசியில் உளுந்து எடுத்ததும் பலர் கொண்டுவருகிறார்கள், ஆனால் தோல் சரியாகக் கழலவில்லை, பருப்பு பொடியாகிறது.

காலை ஆறரைக்குத் திறந்து இருட்டும் வரை ஓடும். பௌர்ணமியும் அமாவாசையும் விடுமுறை, பர்மாக்காரருக்கு உபோசதம் என்ற பௌத்த நோன்பு நாள், நமக்கும் அமாவாசை விரதம், யாருக்கும் சங்கடமில்லை. ஆனி முதல் ஐப்பசி வரை மழைக்காலத்தில் களம் பயன்படாது, அப்போது அவிக்க நினைக்க வேண்டாம். குதிரில் இருக்கும் காய்ந்த நெல்லையும் அரைக்குமுன் ஒரு வெயில் காட்டிக் கொண்டுபோங்கள், அடைமழையில் அது ஈரத்தை இழுத்திருக்கும். மார்கழி இருபதுக்குமேல் பொங்கல் கூட்டம். அந்தச் சமயத்தில் தொட்டி கிடைக்க நாலு நாள் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். சாக்கை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், வாயைக் கட்டும் கயிற்றில் உங்கள் வீட்டு அடையாளமாக ஒரு துணித்துண்டை முடிந்துவிடுங்கள். முப்பது மூட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் இடத்தில் அதுதான் கண்ணில் படும்.